பெட்டி ஆபீசர்

அய்யாக்கண்ணு வீட்டில் பதினாறு நாளாக யாரும் பெட்டி என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. கூடிப் பேசி எடுத்த முடிவெல்லாம் இல்லை, தானாக நடந்தது. பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்ன பெரியம்மா "அந்தத் தகரத்தை எறக்கு" என்றாள். விளக்கேற்ற வந்தவர்கள்கூடத் தீப்பெட்டி கேட்காமல் "நெருப்பு இருந்தா குடுங்க" என்றார்கள்.

அதற்கு முன்னால் நாலு வருஷமாக அந்த வீட்டில் அதிகம் புழங்கிய சொல்லே அதுதான். மூத்த மகன் வெற்றிசெல்வன் கடற்படையில் பெட்டி ஆபீசர் ஆனான். அந்தச் சந்தோஷத்தில் அய்யாக்கண்ணு திருமயம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பத்துப் பேருக்கு டீ வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னார். டீயைக் குடித்து முடித்த கையோடு ஒருவர் கேட்டார்: "பெட்டி தூக்குறதுக்கெல்லாமா ஆபீசரு போடுறாங்க?" அன்றைக்குப் பிடித்த வினை அது. ஊரே அவனைப் பெட்டி ஆபீசர், பெட்டி ஆபீசர் என்று கூப்பிட்டுச் சிரித்தது.

லீவில் வந்த வெற்றி தலையில் அடித்துக்கொண்டான். "அது இங்கிலீசுப்பா. பெட்டின்னா சின்னதுன்னு அர்த்தம்."

"சின்ன ஆபீசருன்னா இன்னும் கேவலமால்ல இருக்கு? நீ பெட்டியாவே இருந்துட்டுப் போ" என்றார் அய்யாக்கண்ணு.

அதனால்தான் சீஃப் பெட்டி ஆபீசராகப் பதவி உயர்வு என்று செய்தி வந்ததும் வெற்றி முதலில் அப்பாவிடம் சொன்னது இதுதான்: "இனிமே எல்லாரும் சீஃப்னுதான் கூப்பிடுவாங்கப்பா. பெட்டி போயிரும்." ஆகஸ்ட் ஒன்றாம் தேதியிலிருந்து சீஃப். வட்டத் தொப்பி போய், முன்னால் மடல் வைத்த பீக் கேப் வரும். மாலுமி உடுப்புப் போய், பித்தளைப் பொத்தான் வரும். அவன் கப்பலில் அதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. எல்லாரும் வரிசையில் நிற்க, கேப்டன் புதுத் தொப்பியைத் தட்டில் வைத்து நீட்டுவார். அதை எடுத்து வைப்பது பெண்டாட்டி. வைத்த கையோடு அவள் புதுப் பதவியையும் பெயரையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் மற்ற சீஃப்கள் அவனைத் தங்களோடு சாப்பிட உள்ளே விடுவார்கள்.

வெற்றியின் பெண்டாட்டி கார்த்திகாவுக்கு விசாகப்பட்டினம் போக டிக்கெட் எடுத்தாயிற்று. தினமும் வீடியோ காலில் ஒத்திகை நடந்தது. தண்ணீர்க் குடத்தைத் தலையாக வைத்து, எவர்சில்வர் சட்டியைத் தொப்பியாகக் கவிழ்ப்பாள். "புருவத்துக்கு மேல ரெண்டு விரல்கிடை விடணும். எங்க, இப்பச் சத்தமாச் சொல்லு" என்பான் அவன். "சீஃப் பெட்டி ஆபீசர் வெற்றிசெல்வன்" என்று சொல்வதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். "அன்னைக்குச் சிரிச்சேன்னு வையி, எம் மானம் போயிரும்" என்பான். கல்யாண நாளைக்கூட அவள் அவ்வளவு ஆசையாக எதிர்பார்த்ததில்லை.

ஜூலை இருபத்தொன்பதாம் தேதி காலையில் இன்ஜின் அறையில் வேலையாக இருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. முப்பத்தாறு வயசு. திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து வண்டி வந்து தெருமுனையில் நின்றபோது யாரோ "பெட்டி வந்திருச்சு, பெட்டி வந்திருச்சு" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். சொன்னவருக்கே அப்புறம்தான் உறைத்தது. அன்றோடு அந்தச் சொல் அந்த வீட்டை விட்டு வெளியேறியது.

கார்த்திகா அழவில்லை. அழுத்தம் காட்டினாள் என்று ஊர் நினைத்தது, அதுவும் இல்லை. கொடுத்தால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள், யாராவது கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தால் அவர்கள் முடிக்கும்வரை அசையாமல் இருந்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று தானே தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு இறங்காமல் உடம்பு முழுக்கப் பரவிவிட்ட மாதிரி இருந்தது. அது அவளுக்கே பயமாக இருந்தது. பதினாறாம் நாள் காலையில் பெண்கள் சூழ்ந்து தாலியைக் கழற்றியபோதும், கழுத்தில் ஏதோ கொசு பறந்து போனது போல்தான் இருந்தது.

அன்று பந்தலுக்கு முன்னால் பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ஏற்பாடு கொழுந்தன் சந்தோஷ்குமார். அண்ணன் ஆசைப்பட்ட உடுப்பில் அண்ணனை ஊர் பார்க்கட்டும் என்று புதுக்கோட்டை ஸ்டூடியோவில் சொல்லிச் செய்த படம். கல்யாண ஆல்பத்திலிருந்து முகத்தை எடுத்து, வெள்ளை உடுப்பில் ஒட்டியிருந்தார்கள். தோளெல்லாம் தங்கம், நெஞ்சில் நாலு வரிசை பதக்கம், இடுப்பில் வாள். கீழே 'சீஃப் ஆபீசர்' என்று எழுதியிருந்தது. நடுவில் இருக்க வேண்டிய சொல்லை அவன் வேண்டுமென்றேதான் விட்டிருந்தான்.

"நல்லாருக்கா அண்ணி?"

"நல்லாருக்கு" என்றாள். யாரோ ஒரு பெரிய மனிதர் அவள் புருஷனின் முகத்தை இரவல் வாங்கி வைத்திருந்தார்.

சாப்பாட்டுப் பந்தி முடிகிற நேரத்தில் அன்வர் பாட்சா வந்தான். மணமேல்குடிக்காரன், வெற்றியோடு ஒரே நாளில் கடற்படையில் சேர்ந்தவன், ஒரே கப்பல். சாதாரணச் சட்டை பேண்ட்தான் போட்டிருந்தான். கையில் ஒரு துணிப்பை. ஃபிளெக்ஸைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

சந்தோஷ்குமார் ஓடிப்போனான். "நெட்ல நேவி சீஃப்னு போட்டுத் தேடி எடுத்தோம்ண்ணே. கரெக்டா இருக்கா?"

"தம்பி, இது நேவிக்கே சீஃப் போடுற டிரஸ்ஸு. அட்மிரல். அவருக்கு மேல யாரும் கெடையாது" என்றான் அன்வர். குரலில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

சந்தோஷ்குமாருக்கு முகம் சுண்டிவிட்டது. கடைசிப் பந்தியில் கை கழுவிக்கொண்டிருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். பந்தலுக்குள் நாற்காலியில் இருந்த அய்யாக்கண்ணு மட்டும் அசரவில்லை. "அது கெடக்கட்டும். வாங்க தம்பி, உக்காருங்க. எம் மகன் சீஃப் ஆயித்தான செத்தான்? கல்லுல வெட்டச் சொல்லியிருக்கேன். சரியாச் சொல்லுங்க, அப்பிடியே வெட்டிப்புடுவோம்."

அன்வர் உட்காரவில்லை. பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான். கதவோரம் நின்ற கார்த்திகாவைப் பார்த்தான். பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யாரும் கப்பலுக்குப் போய் விசாரிக்கப் போவதில்லை. அவனுக்கு அது வரவில்லை.

"இல்லப்பா. ஒண்ணாந்தேதிதான் ஆர்டர் செல்லும். மூணு நாள் முந்திப் போயிட்டான். ரெக்கார்டுல பெட்டி ஆபீசர்னுதான் இருக்கு."

பதினாறு நாள் கழித்து அந்தச் சொல் அந்த வீட்டு வாசலில் விழுந்தது. சந்தோஷ்குமார் பதறி அண்ணியைப் பார்த்தான். அவளோ முதல் தடவையாக நிமிர்ந்து ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் அத்தனை நாள் பேசியதில் வெற்றியைப் பற்றிய பேச்சு இது ஒன்றுதான் என்று அவளுக்குப் பட்டது.

அய்யாக்கண்ணு கால் விரலால் தரையைக் கீறினார். ஐந்து ஏக்கர் விவசாயம் செய்கிறவர், எந்த இடமும் சும்மா கிடக்காது என்று அவருக்குத் தெரியும். "அப்ப அவன் எடம் யாருக்குப் போச்சு?"

அன்வர் பையின் காதை இறுக்கிப் பிடித்தான். "எனக்குப்பா. லிஸ்டுல அவனுக்கு அடுத்த பேரு நான்தான். போன திங்கக்கெழம போட்டாங்க. வேணாம்னு சொல்லிப் பாத்தேன், அப்பிடியெல்லாம் சொல்ல முடியாதுன்னுட்டாங்க. ஒங்ககிட்டச் சொல்லாம எப்பிடிப் போறதுன்னுதான் லீவு போட்டு வந்தேன்."

அய்யாக்கண்ணு எழுந்து, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டார். சந்தோஷ்குமாரும் பின்னாலேயே போனான். பந்தலில் மிச்சம் இருந்தவர்களும் ஏதோ வேலை இருப்பதுபோல் நகர்ந்தார்கள். சம்பந்தமில்லாத இருவர் மட்டும் வெற்றிலையை மென்றுகொண்டு வேறு பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

அன்வர் பையிலிருந்து எடுத்து நீட்டினான். வெள்ளைத் துணியில் சுற்றிய பீக் கேப். "முன்கூட்டியே வாங்கி வச்சிருந்தான் தங்கச்சி. ஒரு தடவகூடத் தலையில வச்சுப் பாக்கல. கார்த்திகாதான் வைக்கணும்னு சொல்லிட்டான்."

அவள் வாங்கிக்கொண்டாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. சட்டியில் பழகியதெல்லாம் வீண் என்று தோன்றியது.

"ஒங்களுக்கு யாருண்ணே வச்சா?"

"ஹம்னாதான். மணமேல்குடியிலேர்ந்து வரவச்சேன்."

ஹம்னா. அன்வரின் பெண்டாட்டி. கார்த்திகா அவளை இரண்டு முறை பார்த்திருக்கிறாள், நல்ல பெண். அந்த நல்ல பெண்ணின்மேல் கார்த்திகாவுக்கு இப்போது வந்தது பொறாமை. சுத்தமான, அசிங்கமான பொறாமை. பதினாறு நாளில் அவள் உடம்பில் உருவான முதல் உணர்ச்சி அதுதான். வெட்கமாகக்கூட இல்லை, ஏதோ ஒன்று வந்ததே என்றிருந்தது.

"எப்பிடி நடந்துச்சுன்னு சொல்லுங்க. ஒண்ணுவிடாம."

"வேணாம் தங்கச்சி."

"சொல்லுங்கண்ணே. நான் எங்கிட்டு நின்னுருப்பேன்?"

அன்வர் பையை நாற்காலியில் வைத்தான். பிறகு பந்தலின் நடுவே போய் நின்று, கையால் காட்டினான். "கேப்டன் இங்கிட்டு. நாங்கல்லாம் அங்கிட்டு, ரெண்டு வரிசை. குடும்பத்தாளுங்க கேப்டனுக்கு எடதுபக்கம், ஒரு அடி பின்னாடி. அந்தா, அந்தக் காலுக்குப் பக்கத்துல."

அவள் பந்தல்காலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வெற்றிலை மென்றவர்கள் மெல்வதை நிறுத்தினார்கள். காலையில் தாலி கழற்றியவள் மத்தியானம் பந்தலில் வந்து நிற்கிறாளே என்று உள்ளேயிருந்து ஒரு முணுமுணுப்பும் வந்தது. அவள் காதில் அது ஏறவில்லை.

"எத்தன அடி வரணும்?"

"ரெண்டு. ரெண்டாவது அடியில அவன் குனிவான்."

அவள் இரண்டு அடி வைத்தாள். எதிரே ஆள் இல்லை. தொப்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே நின்றாள். அன்வர் அந்த இடத்தில் நிற்கலாமா என்று ஓர் எட்டு வைத்தான், பிறகு நின்றுவிட்டான். ஏற்கெனவே ஓர் இடத்தை எடுத்தாயிற்று.

எவ்வளவு நேரம் போயிற்றோ, மாட்டுக்கொட்டகையிலிருந்து அய்யாக்கண்ணு வந்தார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். கையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு, மருமகளுக்கு எதிரே வந்து நின்று, தலையைக் குனிந்தார்.

"வையி ஆத்தா."

அவள் வைத்தாள். புருவத்துக்கு மேலே இரண்டு விரல்கிடை விட்டுத்தான் வைத்தாள். கையை எடுத்ததும் அது சரிந்து இறங்கிக் கிழவரின் காதுவரை மூடிக்கொண்டது. மறுபடி தூக்கி வைத்தாள். மறுபடி இறங்கியது. அய்யாக்கண்ணு அசையாமல் கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றார். தொப்பிக்குக் கீழே அவர் தாடை ஆடிக்கொண்டிருந்தது.

"பதவியச் சொல்லணும் தங்கச்சி" என்றான் அன்வர், மெதுவாக.

அவள் வாயைத் திறந்தாள். "சீஃப் பெட்டி..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. மூன்றாவது முறையாகத் தொப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அன்வரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவருக்குப் பெருசா இருக்குண்ணே" என்றாள். "அவருக்குச் சரியா இருந்துருக்கும்."