ஆறாவது கட்டம்

அண்ணன் இறந்து ஒன்பது வாரம் ஆகியும் அந்த மெமரி கார்டு கேமராவுக்குள்ளேயே கிடந்தது. கேமரா பைக்குள் இருந்தது, பை கட்டிலுக்கு அடியில் இருந்தது. மெக்கானிக் தினமும் அந்தக் கட்டிலில்தான் படுத்து எழுந்தான். குனிந்து எடுக்க ஒரு நிமிஷம் ஆகாது. எடுக்கவில்லை.

அவனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஊரில் பாதி லிஃப்டுகளின் குணம் அவனுக்கு அத்துப்படி. எது எந்த மாடியில் முரண்டு பிடிக்கும், எது மழைக்காலத்தில் கதவைத் திறக்காது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். வயது நாற்பத்து நான்கு. கல்யாணப் பேச்சு வந்து வந்து போய், ஒருகட்டத்தில் வருவதையே நிறுத்திவிட்டது. அண்ணன் வீட்டின் முன்னறை அவனுடையது. அண்ணன் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தார். அண்ணி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பாள். அவர்களுடைய ஒரே மகள் நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள்.

வானத்தைப் படம் எடுக்கும் பைத்தியம் மெக்கானிக்கைப் பிடித்து ஏழு வருஷம் ஆகிறது. கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருத்தி பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி நடத்தும் டீச்சர், இன்னொருவர் பேக்கரிக்காரர். இந்த வருஷம் மூவரும் சேர்ந்து கொஞ்சம் பெரிதாகவே கை வைத்திருந்தார்கள். ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றி ஒரு வாயு மேகம் வில்லாக வளைந்து கிடக்கிறது. கையை நீட்டி முஷ்டியை மடக்கினாலும் அதை முழுசாக மறைக்க முடியாது, அவ்வளவு அகலம். ஆனால் வெறும் கண்ணுக்கு ஒரு துளியும் தெரியாது, அவ்வளவு மங்கல். டெலஸ்கோப்பில் பார்த்தால் அதன் ஒரு மூலைதான் அகப்படும். அதனால் சாதாரண கேமரா லென்ஸையே வைத்து, வானத்தின் அந்தப் பகுதியை ஆறு கட்டமாகப் பிரித்து, ஆளுக்கு இரண்டு என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று மூன்று நிமிஷமாகப் பல மணி நேரம் எடுக்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், எந்தப் படத்திலும் தனியாகத் தெரியாத சிவப்பு மெல்ல மேலே வரும். ஐந்து கட்டம் முடிந்திருந்தது. ஆறாவது மெக்கானிக்கினுடையது.

அதை எடுக்கப் போன ராத்திரிதான் அது நடந்தது.

ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி, கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில், அண்ணி பிளாஸ்கில் ஊற்றிக்கொடுத்த டீயோடு இருந்தார்கள். போனை எடுத்து யாராவது ஒளியடித்தால் மற்றவர் படம் கெட்டுப்போகும் என்பதால் மூன்று போனும் காருக்குள் போய்விட வேண்டும் என்பது பேக்கரிக்காரரின் சட்டம். ஒன்பது நாற்பதுக்குத் தொடங்கிய மெக்கானிக் இரண்டு பத்து வரை எடுத்தான். பிறகு வழக்கம்போல லென்ஸை மூடி அரை மணி நேரம் வெறும் இருட்டைப் படமெடுத்தான். கேமராவின் சொந்தக் கோளாறுகளைக் கழிக்க அது வேண்டும். மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கார்க் கதவைத் திறந்தான். போனில் இருபத்தோரு அழைப்பு இருந்தது. முதல் இரண்டு அண்ணனிடமிருந்து, பதினொன்று இருபதுக்கும் இருபத்திரண்டுக்கும். மற்றதெல்லாம் பன்னிரண்டு ஐம்பதிலிருந்து அண்ணன் மகள் அடித்தவை.

அவன் திருப்பி அடித்தான். அண்ணன் மகள் எடுத்து, மாரடைப்பு, ஒன்று முப்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது என்று ரிப்போர்ட் படிப்பதுபோலச் சொன்னாள். சரிம்மா என்று மெக்கானிக் போனை வைத்தான். பிறகு கேமரா முக்காலிக்குப் போய் லென்ஸில் படிந்திருந்த பனியைத் துடைத்தான். ஒயர்களைச் சுருட்டினான். முக்காலியின் கால்களை ஒவ்வொன்றாக மடக்கி உறையில் போட்டு ஜிப்பை இழுத்தான். அதற்கப்புறம்தான் மற்ற இருவரிடமும் சொன்னான். பேக்கரிக்காரர் கார் ஓட்ட, டீச்சர் வழியெல்லாம் அவன் தோளில் கை வைத்திருந்தாள். பின்னாட்களில் அந்த ராத்திரியை நினைத்தபோதெல்லாம் மெக்கானிக்குக்கு அந்த ஜிப்பின் சத்தம்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது.

அவன் அழவில்லை. வந்தவர்கள் பார்த்துவிட்டு, கல்லு மாதிரி நிற்கிறான், இவன் இருக்கிறதுதான் அந்தக் குடும்பத்துக்குப் பலம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பலமெல்லாம் ஒன்றும் இல்லை. மரத்துப்போன காலை ஊன்றி நிற்பவனுக்குத் தரை எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவனுக்கு எல்லாம். ஐந்தாம் நாள் வேலைக்குப் போய்விட்டான். மோட்டாரைத் திறந்தான், கிரீஸ் வைத்தான், கையெழுத்து வாங்கினான். கம்பெனியில் ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை.

ஏழாவது வாரம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று ஓடினான். உள்ளே ஆள் இருப்பதாகக் காவலாளி பதறினார். வெளியிலிருந்து தட்டினால் பதில் இல்லை. மோட்டாரைக் கையால் சுற்றி லிஃப்டை இறக்கிக் கதவைத் திறந்தபோது, வீடு மாறுவதற்காக வாங்கிய புது மெத்தையை விரித்துப் போட்டு, ஒரு பருத்த மனிதர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு மணி நேரமாக ஒருத்தனும் என்னைக் கூப்பிடவில்லை, அதுக்குள் உனக்கு என்ன அவசரம் என்று கேட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மெக்கானிக் அதை அண்ணனுக்குச் சொல்வதுபோலவே மனசுக்குள் கோர்த்துக்கொண்டு வந்தான். மெத்தையை முதலில் சொல்லக் கூடாது, காவலாளியின் பதற்றத்தில் தொடங்க வேண்டும், குறட்டையைக் கடைசியில் வைக்க வேண்டும். அண்ணன் தொடையில் தட்டிச் சிரிப்பார். கேட்டைத் திறக்கும்வரை கதை ஓடிக்கொண்டே இருந்தது. திறந்ததும் நின்றுவிட்டது. அதற்கும் அவனுக்கு ஒன்றும் செய்யவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு உள்ளே போனான்.

ஒன்பதாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீச்சர் வந்தாள். அண்ணியிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு முன்னறைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். ஐந்து கட்டங்களை ஒட்டியிருந்தாள். சிவப்பு வில் மேலிருந்து வளைந்து வந்து, வலது கீழ் மூலையில் கறுப்புச் சதுரத்தில் முட்டி நின்றது.

"உங்களை அவசரப்படுத்த வரல," என்றாள் டீச்சர். "ஆனா இன்னும் ரெண்டு வாரத்துல ஓரியன் சாயங்காலமே இறங்க ஆரம்பிச்சிடும். அந்தக் கட்டத்தை நான் வேணா திரும்ப எடுத்துடறேன். நீங்க அந்தக் கார்டைத் தொடவே வேண்டாம்."

அவன் அந்தக் கறுப்புச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம்."

"நான் அனுப்பறேன் டீச்சர். புதன்கிழமைக்குள்ள."

அவள் போன பிறகு அண்ணி வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. பேசியதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது. அந்தக் கார்டில் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை இருக்கிறது என்று கேட்டாள். ஒன்பது நாற்பதிலிருந்து இரண்டு பத்து வரை என்று அவன் சொன்னான். அண்ணி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது.

"எனக்குக் காட்டுங்க தம்பி," என்றாள்.

இருவரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். லேப்டாப்பை ஒரு ஸ்டூலில் வைத்து, பையை இழுத்து, கார்டை எடுத்துச் செருகினான். கடைசியில் எடுத்த வெறும் இருட்டை விட்டால் மொத்தம் எண்பத்து நான்கு படங்கள். ஒவ்வொன்றும் எடுத்த நேரம் கீழே எழுதியிருந்தது. அழுக்குச் சிவப்பில் ஒரு பரப்பு, அதன்மேல் மாவு சிந்தியதுபோல நட்சத்திரம். அடுத்ததும் அதேதான். அண்ணி ஒன்றையும் தாண்டவிடாமல் எல்லாவற்றையும் பார்த்தாள். மெக்கானிக் பட்டனை அழுத்திக்கொண்டே வந்தான். பதினொன்று இருபத்தொன்று என்று வந்ததும் அவன் விரல் நின்றது.

ஒன்பது வாரமாக அவன் கேட்காத கேள்வி அது. கேட்டால் என்ன வரும் என்று பயந்து கேட்காமல் இருந்தானா, கேட்கத் தோன்றாமலே இருந்தானா என்று அவனுக்கே தெரியாது.

"அண்ணி, அண்ணன் அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டார்? அப்பவே வலி இருந்துச்சா?"

அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "அதையா இத்தனை நாளா மனசுல வச்சுக்கிட்டு இருந்தீங்க?"

அவன் விரல் பட்டனிலேயே இருந்தது.

"வலியெல்லாம் இல்ல. ஜன்னல் வழியா பூனை உங்க ரூமுக்குள்ள போயிடுச்சு. வெளியே வரத் தெரியாம கத்திக்கிட்டே இருந்துச்சு. ரூம் பூட்டியிருந்ததால சாவி எங்க இருக்குன்னு கேக்கக் கூப்பிட்டார். நீங்க எடுக்கல. அப்புறம் அதுவே குதிச்சுப் போயிடுச்சு. 'இவன் ரூம்ல பூனைக்குக்கூடத் தங்கப் பிடிக்கல'ன்னு சிரிச்சுட்டுப் போய்ப் படுத்தார்."

பூனை. மெக்கானிக் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். தன்மேல் ஒரு பெரிய பாரம் இருப்பதாகவே அவன் நினைத்திருந்தான். அது இறங்கினால் கதறி அழுதுவிடுவோம் என்றும் நினைத்திருந்தான். பாரம் இறங்கியது. அந்த இடத்தில் எதுவும் வந்து உட்காரவில்லை. அழைப்பை எடுத்திருந்தால் சாவி கேமரா அலமாரிக்கு மேல் இருக்கிறது என்று சொல்லியிருப்பான். அண்ணன் சரி என்று வைத்திருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

வலி வந்தது பன்னிரண்டு நாற்பதுக்கு என்று அண்ணி சொன்னாள். அதை முன்பே கேட்டிருந்தான். மகள் படித்ததையெல்லாம் செய்தாள், நெஞ்சை அழுத்தினாள், பக்கத்து வீட்டுக்காரர் வண்டி எடுத்தார், ஆஸ்பத்திரியில் நாலு பேர் சூழ்ந்து நின்றார்கள். செய்ய வேண்டியது எதுவும் பாக்கியில்லை என்று டாக்டரே சொன்னார்.

"அடுத்தது போடுங்க," என்றாள்.

ஒன்று முப்பத்து மூன்றில் தொடங்கி முப்பத்தாறில் முடிந்த படம் வந்தபோது அண்ணி முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனாள். ஊசியில் நூல் கோர்க்கும்போது பார்ப்பதுபோல ரொம்ப நேரம் பார்த்தாள். மெக்கானிக் அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த ஒரு நீல நூல் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வித்தியாசமும் இல்லையே தம்பி."

"இல்ல அண்ணி. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

பன்னிரண்டு நாற்பதுக்கு அப்புறம் எடுத்ததையெல்லாம் அழித்துவிடலாமா என்று யோசித்ததாக அவன் சொன்னான். அழித்தால் படம் கெடுமா என்று அண்ணி கேட்டாள். கெடாது, கொஞ்சம் மங்கலாகவும் சொரசொரப்பாகவும் வரும் என்றான். கெட்டதைத்தானே வழக்கமாகத் தள்ளுவீர்கள், கெடாததை எதற்குத் தள்ள வேண்டும் என்று கேட்டுவிட்டு, அவள் எழுந்து தையல் மெஷினுக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நடுவில் அது நின்றது. மூக்கைச் சிந்தும் சத்தம் வந்தது. மறுபடி ஓடியது.

அன்று மாலையே அவன் வேலையைத் தொடங்கினான். எப்போதும் செய்வதையே செய்தான். விமானம் கோடு கிழித்த படம் இரண்டு, மேகம் தொட்டது ஒன்று, காற்றில் முக்காலி ஆடியது ஒன்று என நாலைத் தள்ளினான். அந்த நாலில் எதுவும் ஒன்று முப்பத்து மூன்று இல்லை. மீதி எண்பதை அடுக்கினான். லேப்டாப் முக்கி முனகி ஓடி முடித்தபோது, அழுக்குச் சிவப்பு விலகி, புகைபோல ஒரு பட்டை வலது கீழ் மூலைக்கு இறங்கியிருந்தது. நன்றாகவே வந்திருந்தது. கவனமாகப் பார்த்துவிட்டு, நன்றாகவே வந்திருக்கிறது என்பதை மட்டும் எழுதி டீச்சருக்கு அனுப்பினான்.

ஒரு மாதம் கழித்து, பேக்கரிக்காரர் முழுப் படத்தையும் பெரிதாக அச்சடித்துக் கடைச் சுவரில், பன் தட்டுகளுக்கு மேலே மாட்டினார். அது என்ன தோல் வியாதி விளம்பரமா என்று ஒருவர் கேட்டாராம். அடுப்பில் கருகிய ரொட்டியை எதற்குப் படம் பிடித்து மாட்டியிருக்கிறீர்கள் என்று இன்னொருவர் கேட்டாராம். பேக்கரிக்காரர் இதை வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஒரு சனிக்கிழமை அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனான்.

அண்ணி கவுன்டரைச் சுற்றி உள்ளே போய், தலையைத் தூக்கிப் பார்த்தாள். உங்களுடையது எது என்று கேட்டாள். அவன் மூலையைக் காட்டினான். அவள் அதன் ஓரத்தையே மேலும் கீழுமாகத் தேடினாள்.

"எங்க சேர்த்திருக்கீங்கன்னே தெரியல. நான்கூட இவ்வளவு சுத்தமாத் தைக்க மாட்டேன்."

பேக்கரிக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். மெக்கானிக்கும் சிரித்தான். சிரிப்பு வாயோடு நின்றது என்றாலும், வரவே மாட்டேன் என்று அது அடம்பிடிக்கவில்லை. ரொட்டியை வாங்கிக்கொண்டு இருவரும் வெளியே வந்தார்கள். வெயில் சாய்ந்திருந்தது. மறுபடி எப்போது போவீர்கள் என்று அண்ணி நடந்துகொண்டே கேட்டாள். தெரியவில்லை அண்ணி என்றான் அவன். போகிற அன்றைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், பிளாஸ்கைக் கழுவி வைக்க வேண்டும் என்றாள். சரி என்றான்.