நவம்பரில் வெட்டிய மக்னோலியா

...இடுப்புக்குக் கீழே, வலது பக்கம், அதே இடம், களிமண் குழியில் நாற்பது வருஷம் குனிந்தே தேய்ந்த எலும்பு, மண்வெட்டியை மிதிக்கும்போதெல்லாம் ஆணி இறங்குகிற மாதிரி... வலிக்கட்டும், வலித்தால் மெதுவாகத் தோண்டலாம், மெதுவாகத் தோண்டினால் பத்து மணித் தேநீர் வந்துவிடும், தேநீர் வந்தால் இன்னும் கால் மணி நேரம் தள்ளிப்போகும் என்று நினைத்தான் குமாசாகி. எழுபத்தொரு வயதுக்காரன், ஒரு செடியைப் பிடுங்க இத்தனை கணக்கா? மார்பளவு மக்னோலியா, அவ்வளவுதான். தோக்கி ஊரில் மார்ச்சின் இந்த வாரம் எல்லா வீட்டிலும் இலைக்கு முன்னால் பூ வந்து, கிழித்துப் போட்ட வெள்ளைக் காகிதமாய்த் தொங்குகிறது, எதிர்வீட்டில்கூட. இந்தத் தோட்டத்தில் மட்டும் மொட்டைக் குச்சி. பந்து மாதிரி உருட்டி வெட்டிய மொட்டைக் குச்சி. யார் வெட்டியது? கேள்வியைப் பார், தெரியாதவன் மாதிரி.

நவம்பரில் அன்றைக்கு இது மூன்றாவது வீடு, புத்தாண்டுக்குள் தோட்டம் சுத்தமாக வேண்டும் என்று ஊரே ஒரே நேரத்தில் ஆள் கேட்கும், இவனை அனுப்புகிற முதியோர் வேலைச் சங்கத்தில் வேலைச் சீட்டு மேல் சீட்டு, மழை வேறு, வேலியை வெட்டிய கையோடு இயந்திரக் கத்தரி ஓடிக்கொண்டே இருந்தது, அப்படியே இதன் மேலும் ஒரு சுற்று... நின்று பார்த்தபோது காலடியில் மொட்டுகள். சாம்பல் நிற மயிர் மூடிய மொட்டுகள், பூனைக்குட்டியின் பாதம் மாதிரி, நூறு இருக்கும். கோடையிலேயே பிடித்து, குளிர் முழுக்க உள்ளே பூவை வைத்துக்கொண்டு காத்திருக்கிற மொட்டுகள். அவனுக்குத் தெரியாதா? தெரியும். குழி விளிம்புச் சதுப்பை இயந்திரம் தின்பதற்கு முந்தின நாள் குழியில் கூட வேலை பார்த்த இவாவோ அண்ணன் இந்தச் செடியைத் தன் வீட்டுக்கென்று தோண்டியபோது சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவனே இவன்தான். தெரிந்தும் என்ன செய்தான், ஜன்னலைப் பார்த்தான், அண்ணன் மனைவி ஃபுமியே அண்ணி அங்கே இல்லை, சரசரவென்று கூட்டிப் பையில் அள்ளினான், பையின் வாயை இறுக்கிக் கட்டினான். பிணத்தைக் கட்டுகிறவன்கூட அவ்வளவு இறுக்க மாட்டான்.

"குமாசாகி சான், தேநீர்! என்ன, இடுப்பு மறுபடி தகராறா? எங்க வீட்டு மனுஷன் இருந்திருந்தா, வெயில்ல போட்ட மண்புழு மாதிரி நெளியிறியேன்னு கேட்டிருப்பாரு."

"அவர் மட்டும் என்னவாம், கடைசி வருஷம் மூங்கில் வில்லு மாதிரி வளைஞ்சுதானே நடந்தாரு."

சிரித்தாள். சிரிக்காமல் இருந்திருக்கலாம். தட்டில் சிவப்புப் பயறு விழுது பூசிய சோற்று உருண்டைகள், கல்லறைக்குப் போகும் வாரம் அல்லவா, செத்தவனுக்குப் படைத்துவிட்டு மிச்சத்தை இவனுக்கு... அண்ணன் போய் மூன்று வருஷம், வருஷா வருஷம் இந்த வாரம் ஒரு பூங்கிளை ஒடித்துக் கல்லறைக்குக் கொண்டுபோவாள். இந்தத் தடவை கடையில் வாங்கிய மஞ்சள் செவ்வந்தி. ஒரு உருண்டையைத் தேநீர் ஊற்றி உள்ளே தள்ளினான்.

"நேத்து கல்லறையில மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்" என்றாள். "ஜனவரியில புண்ணாக்கு ரெண்டு பிடி கூடப் போட்டுட்டேன், உங்க செடியை நானே கொன்னுட்டேன்னு. இனிமே தினம் அந்தக் குச்சியைப் பார்த்துக்கிட்டு என்னால இருக்க முடியாது. இன்னைக்கே எடுத்துடுங்க."

புண்ணாக்கு. அந்த வார்த்தையை அவள் வாயில் வைத்தது யார்? ஏன் ஒரு மொட்டைக்கூடக் காணோம் என்று மாத முதலில் அவள் கேட்டபோது, உரம் ஏதாவது போட்டீங்களா அண்ணி, அதான், கொஞ்சம் அதிகமாகியிருக்கும் என்று... எவ்வளவு சுலபமாக வந்தது, மருத்துவன் மாதிரி தலையை வேறு ஆட்டினான். அப்போது தப்பித்தால் போதும் என்றிருந்தது. அவள் கல்லறை வரை போவாள் என்று யார் கண்டது?

சொல். இப்போது சொல். வாயில்தான் உருண்டை இல்லையே. எழுந்து போய் மண்வெட்டியை எடுத்தான், வேர் மண்ணை விரலால் கிளறினான், நகத்தால் வேரின் தோலைச் சுரண்டினான், உள்ளே பச்சை. திரும்பிப் பார்க்காமல், "சாகலை அண்ணி. வேரு நல்லா உசிரோட இருக்கு. எடுக்க வேணாம், அடுத்த வருஷம் கட்டாயம் பூக்கும்."

"நெசமாவா?"

"களிமண் மேல சத்தியமா."

அவள் இடுப்பு மடிய வணங்கினாள், அவனுக்கு, இரண்டு தடவை. "உங்களாலதான் பிழைச்சுது. நான் இனிமே அது கிட்டகூடப் போக மாட்டேன். ராசியில்லாத கை இது."

மீதி உருண்டைகளைக் காகிதத்தில் பொதிந்து அவன் சட்டைப் பையிலேயே திணித்துவிட்டு உள்ளே போனாள். அவன் தோண்டிய மண்ணைத் திருப்பித் தள்ளினான், மிதித்தான். மரத்தைக் காப்பாற்றியாயிற்று, கணக்கு நேராயிற்று என்று நினைத்தபடி மிதித்துக்கொண்டிருந்தவனுக்குக் கால் அப்படியே நின்றது... அடுத்த மார்ச்சில் இது பூக்கும், நிச்சயம் பூக்கும், அப்போது அவள் என்ன நினைப்பாள்? தன் கை படாததால்தான் பூத்தது என்று நினைப்பாள். ஒவ்வொரு பூவும் அவள் மேல்தான் பழி சொல்லும், அவள் வாழ்கிற வரைக்கும். செடியை உயிரோடு விட்டதால் எதுவும் தீரவில்லை. கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது, உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம். அவளுக்கு அவன் தர வேண்டியது ஒரே ஒரு பேச்சு: புண்ணாக்கு இல்லை அண்ணி, நவம்பரில் நான்தான் வெட்டினேன். அதை இன்னும் தரவில்லை.