நான்காவது தக்பீருக்குப் பிறகு

"அவ மாறிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லு. அது போதும்" என்றார் தலைவர்.

பள்ளிவாசல் தலைவர். சிமெண்டுக் கடை வைத்திருக்கிறார். எங்கள் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இமாம், அவருக்கு என் வயதுதான் இருக்கும். உள்ளறையில் என் மனைவியின் உடல் கிடந்தது. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்திருந்தோம். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். முந்தைய நாள் சாயங்காலம் தலைவலி என்று படுத்தவள்.

அவள் ஷியா. நாங்கள் சுன்னி. எங்கள் நிக்காஹுக்குத் தலைவர் வந்து, சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு போனார். அப்போது ஒன்றும் கேட்கவில்லை. அதன்பிறகு பள்ளிவாசல் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது. உடலைத் தூக்கிப்போகும் சந்தூக்கு, குளிப்பாட்டும் அறை, புதைக்கும் மையவாடி எல்லாம் சுன்னத் ஜமாஅத்தாருக்கு மட்டும்.

"நான்தான் சொன்னேனே" என்றாள் அம்மா, கதவோரம் நின்றுகொண்டு. "போன நோன்புலயே மாறிட்டா. என் பக்கத்துல நின்னு கை கட்டித் தொழுதா. என் கண்ணால பார்த்தேன்."

அம்மா பார்க்கவில்லை. என் மனைவி ஒருநாளும் கை கட்டியதில்லை.

"உங்க வார்த்தை பத்தாதும்மா. புருஷன் சொல்லணும்" என்றார் தலைவர். பிறகு என்னைப் பார்த்தார். "நீ பால் கம்பெனியில லேப்லதானே இருக்க? ஊர்ப் பாலுல எல்லாம் கலப்படம் கண்டுபிடிக்கிற. வீட்டுப் பாலுல கண்டுபிடிக்கலையா?"

வாசலில் நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். துக்க வீடு என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

சுன்னி என்றால் என்ன என்று யாராவது கேட்டால், நான்கு கலீஃபாக்களை ஏற்றுக்கொண்டவர்கள், நான்கு மத்ஹபுகளில், சட்ட வழிகளில், ஒன்றைப் பின்பற்றுபவர்கள் என்று பரீட்சையில் எழுதுவதுபோல எழுதியிருப்பேன். வீட்டுக்குள் அதற்கு வேறு அர்த்தம். நான் கை கட்டித் தொழுவேன், அவள் கையைத் தொங்கவிட்டுத் தொழுவாள். நோன்பு நாளில் பாங்கு கேட்டதும் நான் பேரீச்சம்பழத்தைக் கடிப்பேன். அவள் மேற்கில் சூரியன் விழுந்தது போதாது, கிழக்கு வானத்தில் சிவப்பும் மறையட்டும் என்று ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

"பசிக்கலையா?" என்பேன்.

"உங்க ஆளுங்களுக்குத்தான் எப்பவும் அவசரம். நபியோட உடம்பு வீட்டுல இருக்கும்போதே தலைவரைத் தேர்ந்தெடுக்க ஓடினவங்களாச்சே."

"நீங்க ஆயிரத்து நானூறு வருஷமா அதையே சொல்லிட்டு இருங்க."

"சொல்லுவோம்" என்பாள். அதற்குள் சிவப்பு மறைந்திருக்கும்.

"தம்பி, பதில் சொல்லுங்க" என்றார் இமாம். "மாறினாங்கன்னா இப்பவே குளிப்பாட்டிடலாம். அஸர் தொழுகைக்கு முன்னாடி அடக்கம். உங்க அப்பா கபருக்குப் பக்கத்துலயே இடம் இருக்கு."

தையல்கார அக்கா பின்கட்டில் தயாராக இருந்தார். தெருவில் எல்லோருக்கும் ரவிக்கை தைப்பவர். பெண்கள் இறந்தால் குளிப்பாட்டுவதும் அவர்தான். வாளியில் இலந்தை இலையை ஊறப்போட்டுவிட்டு, உடலில் சுற்றும் கபன் துணியை வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரி ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் பேசாததால் அதுவும் நின்றது.

ஒரு வார்த்தைதான். நாக்குக்கு அது பெரிய வேலை இல்லை.

"மாறலை" என்றேன்.

"டேய்!" என்றாள் அம்மா.

"மாறலைங்க. கடைசிவரைக்கும் அவ ஷியாதான்."

தலைவர் எழுந்துகொண்டார். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. "அப்ப எங்க கைல ஒண்ணும் இல்லை."

கத்தரி மேசைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது. தையல்கார அக்கா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு முன்னறைக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்கும் நாலு வீட்டுத் துணி வந்தாதான் அடுப்பு எரியும், தம்பி. பள்ளிவாசல் தள்ளி வச்சிட்டா நான் எங்க போவேன்? நீங்க ஒரு பொய் சொல்லியிருக்கலாம்."

"பரவாயில்லக்கா. நானே குளிப்பாட்டுறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த இமாம் திரும்பி வந்தார். "நீங்க தொடக்கூடாது."

"ஏன்?"

"அவங்க மூச்சு நின்னதும் நிக்காஹ் முடிஞ்சுபோச்சு. இப்ப நீங்க அவங்களுக்கு அந்நிய ஆம்பளை. பார்க்கலாம், தொடக்கூடாது. நம்ம மத்ஹப் சட்டம் அது."

"நேத்து ஆஸ்பத்திரியில நான்தானே அவ காலுக்கு சாக்ஸ் போட்டுவிட்டேன்."

"அது நேத்து."

அவர் குரலில் கோபம் இல்லை. பால் திரிந்துவிட்டது என்று நான் லாரிக்காரரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஷாஃபி மத்ஹபுல புருஷன் குளிப்பாட்டலாமே" என்றேன்.

"அது அவங்களுக்கு."

"அவங்களும் சுன்னிதானே?"

"குறுக்குக் கேள்வி கேக்காதே" என்றார் தலைவர். "ஷியாக்காரியக் கட்டினவனுக்கு மத்ஹப் பத்தி என்ன பேச்சு?"

வாசலில் வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியது மச்சான், அவளுடைய அண்ணன். இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் அவர்கள் ஊரில் டயர்க் கடை நடத்துகிறார். கையில் எப்போதும் ரப்பர் கறுப்பு இருக்கும். அன்றும் இருந்தது. பின்னால் மாமி, அவளுடைய அம்மா. மாமி யாரையும் பார்க்காமல் நேராக உள்ளறைக்குப் போனாள். அழுகைச் சத்தம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். வரவில்லை.

"என்ன பஞ்சாயத்து இங்க?" என்றார் மச்சான்.

யாரோ சொன்னார்கள். மச்சான் தலைவருக்கு முன்னால் வந்து நின்றார். "உசுரோட இருந்தவரைக்கும் மாத்த முடியலை. செத்தப்புறம் மாத்தப் பாக்குறீங்களா?"

"நாங்க ஏன் மாத்தறோம்? தாராளமா உங்க ஊருக்குத் தூக்கிட்டுப் போங்க. எங்க மண்ணு மிச்சம்."

"உங்க மண்ணு யாருக்கு வேணும்? எங்க தெருவுல நாய் செத்தாக்கூட உங்க மையவாடியில புதைக்க மாட்டோம்."

"நாயின்னு நீங்களே சொல்லிட்டீங்க."

மச்சான் கை ஓங்கினார். வாசலில் நின்றவர்கள் நடுவில் புகுந்தார்கள். சட்டை கிழிந்தது. தலைவருடையதா, நடுவில் போனவருடையதா என்று தெரியவில்லை. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. எழவேண்டும் என்று தோன்றவில்லை.

தலைவர் வாசற்படி இறங்கியவர் என் பக்கம் விரலை நீட்டினார். "நல்லாக் கேட்டுக்கோ. அவங்க கபர்ஸ்தானுக்குப் போய், அவங்க சொல்றதை உன் வாயால சொன்னேன்னு எனக்குத் தெரிஞ்சுது, திரும்பி இந்தப் பள்ளிக்குள்ள கால் வைக்காதே. நாளைக்கு உன் அம்மாவுக்கும் இதே கதிதான்."

அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். அவர்கள் போனார்கள். தையல்கார அக்காவும் போனார். வாளியையும் வெட்டிய கபன் துணியையும் விட்டுவிட்டுப் போனார்.

மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "தூக்குங்க. நம்ம ஊருல நம்ம பொம்பளைங்க குளிப்பாட்டட்டும். இவன் வேன்ல ஏற வேண்டாம்."

உள்ளறையிலிருந்து மாமி வெளியே வந்தாள்.

"இங்கயே குளிப்பாட்டித்தான் கொண்டுபோகணும். இந்த வெயில்ல இரண்டு மணி நேரமாகும்." என்னைப் பார்த்தாள். எங்கள் கல்யாணத்திற்குப் பிறகு மாமி என்னிடம் நேராகப் பேசியது குறைவு. "எங்க சட்டத்துல புருஷனுக்குத்தான் முதல் உரிமை. எனக்குப் பிடிக்குதா இல்லையாங்கிறது வேற. வா."

பின்கட்டில் துணி துவைக்கும் சிமெண்டுத் தரை. சுற்றிலும் கொடிக்கயிற்றில் படுக்கை விரிப்புகளை மறைப்பாகக் கட்டினோம். பலகையில் அவளைக் கிடத்தினோம். தொப்புளிலிருந்து முழங்கால்வரை துணி போர்த்தியிருந்தது. மாமி தண்ணீர் ஊற்றினாள். நான் கையில் துணிப்பை மாட்டித் தேய்த்தேன்.

"முதல்ல இலைத் தண்ணி. அப்புறம் கற்பூரத் தண்ணி. கடைசியில வெறும் தண்ணி" என்றாள் மாமி.

"தெரியும் மாமி."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எங்களுக்கும் அதே இலை, அதே கற்பூரம்தான்."

மாமி செம்பைத் தொட்டியின் விளிம்பில் வேகமாக வைத்தாள். "அதேன்னு சொல்லாதே. நீங்க எல்லாத்துக்கும் அதேதான்னு சொல்லுவீங்க. அப்புறம் மண்ணு மட்டும் வேற. எல்லாம் அதேன்னா அவளை ஏன் தெருவுல நிறுத்தினீங்க?"

வலப்பக்கம் முடித்து இடப்பக்கம் திருப்பினேன். அவள் தலைமுடியைப் பிழிந்தேன். அந்நிய ஆம்பளை என்று ஒருமுறை எனக்குள் சொல்லிப் பார்த்தேன். கை நிற்கவில்லை.

தையல்கார அக்கா விட்டுப்போன கபனில் அவளைச் சுற்றி முடிந்தோம். மாமி சொல்லி வேனில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். அம்மா வரவில்லை. நான் என் மனைவியின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். மச்சான் முன்னால். வழியில் ஒரே ஒரு வார்த்தை பேசினார். "ஜன்னலைச் சாத்து."

அவர்கள் மையவாடி ஒரு மரக் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. தோண்டி வைத்திருந்தார்கள். வெயில் சாய்ந்திருந்தது. வரிசையில் நின்றோம். முதல் வரிசையில் மச்சானுக்கு அடுத்து நான். அவர்கள் மௌலவி தக்பீர் சொன்னார். அல்லாஹு அக்பர். என் கைகள் தாமாகத் தொப்புளுக்குக் கீழே கட்டிக்கொண்டன. பக்கத்தில் எல்லோர் கையும் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்தேன். அவிழ்க்கவில்லை.

இறந்தவருக்கான ஜனாஸா தொழுகையில் எங்களுக்கு நான்கு தக்பீர். அவர்களுக்கு ஐந்து. இது எனக்குத் தெரியும். அவளே சொல்லியிருக்கிறாள். ஆனால் நான்காவது தக்பீர் சொன்னதும் என் கழுத்து பழகிய வேலையைச் செய்தது. வலப்பக்கம் திரும்பி சலாம் கொடுத்தேன். அஸ்ஸலாமு அலைக்கும். சத்தமாக. பிறகு இடப்பக்கம் திரும்பியபோது மச்சானின் முகம் எதிரில் இருந்தது. அவர் இன்னும் தொழுகையில் நின்றுகொண்டிருந்தார். கண் மட்டும் என்மேல் இருந்தது.

வரிசை முழுக்க நின்றுகொண்டிருந்தது. நான் மட்டும் முடித்துவிட்டிருந்தேன்.

மௌலவி ஐந்தாவது தக்பீர் சொன்னார். அவர்களுக்கு ஜனாஸாவில் சலாம் இல்லை. அதோடு முடிந்தது.

"பாத்தீங்களா?" மச்சான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "மையித்துக்கு முன்னாடி நின்னு கணக்கை முடிச்சிட்டுக் கிளம்பிட்டான். ஆளுக்கு அவசரம்."

பின்வரிசையில் ஒருவர், "நாலுக்கு மேல அவங்களுக்கு எண்ணத் தெரியாது" என்றார். சிரிப்பு வந்தது. இங்கே யாரும் நிறுத்திக்கொள்ளவில்லை.

அவளை கபருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். நான் செருப்பைக் கழற்றினேன்.

"நீ எங்க?" மச்சான் நெஞ்சில் கை வைத்துத் தடுத்தார். "நீதான் முடிச்சிட்டியே. நான் இறங்கறேன்."

"கை எடுங்க மச்சான்."

"மச்சானா? யாருக்கு யாரு மச்சான்?"

மௌலவி ஒல்லியான மனிதர். தாடியில் மண் ஒட்டியிருந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் பிரியம் ஏதும் இல்லை. "பொம்பளை மையித்தை கபர்ல இறக்கறதுக்கு அண்ணனைவிடப் புருஷனுக்குத்தான் உரிமை. சட்டம் சட்டம்தான். இறங்கட்டும்."

"இவன் சுன்னி, மௌலவி சாப்."

"அவன் யாருங்கிறது அவன் கணக்கு. அவ புருஷன். விடு."

மச்சான் கையை எடுத்தார். ஆனால் விடவில்லை. "சரி, இறங்கட்டும். தல்கீன் சொல்லணும்ல, மையித்துக்கு நம்பிக்கையைச் சொல்லிக்குடுக்கணும்ல? கீழ நிக்கறவன்தான் தோளைப் பிடிச்சு அசைக்கணும். இவன் சும்மா பொம்மை மாதிரி அசைச்சா போதாது. இமாம்கள் பேரு பன்னிரண்டையும் இவன் வாயால சொல்லட்டும். சொல்ல முடியாதுன்னா ஏறட்டும்."

மௌலவி யோசித்தார். "நான் மேலேருந்து ஓதறதே போதும்" என்றார்.

"எனக்குப் போதாது."

மச்சான் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் பக்கம் பிடித்தார். "சொல்லு. நீ சொல்றதை அப்படியே உங்க சிமெண்டுக் கடைக்கு அனுப்பி வைக்கிறேன். அவர் பள்ளியில உனக்கு என்ன மரியாதை கிடைக்குதுன்னு பார்ப்போம்."

மாமி வேனுக்குள்ளேயே இருந்தாள். சட்டம் பேச இந்த முறை அவள் பக்கத்தில் இல்லை.

"அனுப்புங்க" என்றேன். கபருக்குள் இறங்கினேன்.

மேலே ஒரு துணியை மறைப்பாக விரித்துப் பிடித்தார்கள். உள்ளே மண் ஈரமாக இருந்தது. அவளை வாங்கி வலப்பக்கமாகச் சாய்த்துக் கிடத்தினேன். தலைப்பக்க முடிச்சை அவிழ்த்து, கன்னத்தை மண்ணில் வைத்தேன். மௌலவி சொன்னபடி வலது கையை அவள் வலது தோளுக்கு அடியில் கொடுத்தேன். இடது கையை இடது தோளில் வைத்தேன்.

"அசைங்க" என்றார் மௌலவி. "கேள், விளங்கிக்கொள்னு சொல்லுங்க. அவங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். அசைத்தேன். தோள் கனமாக இருந்தது.

மௌலவி மேலிருந்து சொல்லிக்கொடுத்தார். இறைவன் ஒருவன். நபி முஹம்மது. இதுவரை எங்கள் ஊரிலும் சொல்வதுதான். பிறகு இமாம்களின் பெயர்கள். அலீ. ஒவ்வொரு பெயருக்கும் நான் அவளை அசைத்தேன், அந்தப் பெயரைச் சொன்னேன். ஹசன். ஹுசைன். துணியின் விளிம்பில் மச்சானின் போன் தெரிந்தது. நான் எதையாவது விழுங்குவேன் என்று அவர் காத்திருந்தார். எதையும் விழுங்கவில்லை. நம்பினேனா என்று கேட்டால் தெரியாது. பெயர் வந்துகொண்டிருந்தவரை கை அவள்மேல் இருந்தது. அவ்வளவுதான்.

நாலு, அஞ்சு என்று மச்சான் மேலே சத்தமாக எண்ணினார். பத்துக்கு மேல் அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

பன்னிரண்டாவது பெயரைச் சொன்னேன்.

"முடிஞ்சது. மேல ஏறுங்க. மண்ணு தள்ளணும்" என்றார் மௌலவி.

நான் கையை எடுக்கவில்லை.

"இன்னும் பேரு இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார் மௌலவி. "அவ்வளவுதான்."