நாலு லைன் பங்குதாரர்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பிள்ளையை மடியில் போட்டிருப்பவள் சுவரோரமாகச் சாய்ந்துகொள்ளட்டும். கையைக் காலை அசைக்காமல் காசு வரவேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு மனுஷனின் கதையைச் சொல்லப்போகிறேன். சிரிக்கலாம். கடைசியில் கொஞ்சம் வலித்தால் என்னைக் கோபிக்காதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருதயம் என்று ஒரு கிராணி, அதாவது குமாஸ்தா, இருந்தார். எந்த மூட்டை எந்த ஸ்டேஷனுக்குப் போகிறது என்று சரக்குக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுவதுதான் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம் ரப்பர் விலை ஏறோ ஏறென்று ஏறியபோது, அவருக்கும் ஆசை ஏறியது. சேர்த்து வைத்திருந்த காசோடு மனைவி உர்சுலாவின் வளையல் இரண்டையும் விற்றுக் கம்பெனிப் பங்குகள் வாங்கினார்.

அவசரப்பட்டு வாங்கவில்லை, பாருங்கள். ரொம்ப யோசித்துத்தான் வாங்கினார்.

"எல்லாத்தையும் ஒரே லைன்ல வைக்கக் கூடாது உர்சுலா. ஒரு லைன்ல தண்டவாளம் பேந்துபோனா இன்னொரு லைன்ல வண்டி ஓடும். அகல விரிக்கணும்."

விரித்தார். வடக்கு லைனில் சுங்கை பூலோ பக்கம் ஒரு கம்பெனி. தெற்கு லைனில் காஜாங் பக்கம் ஒன்று. மேற்கு லைனில் கிள்ளானைத் தாண்டிக் காப்பாரில் ஒன்று. பத்துமலைக் கிளை லைனில் ஒன்று. ரயில்வே மேப்பைச் சுவரில் ஒட்டி நாலு இடத்தில் சிவப்பு மசியால் வட்டம் போட்டார்.

உர்சுலா மேப்பைப் பார்த்தாள். "நாலும் ரப்பர்தானேங்க?"

"நாலும் வேற வேற லைன்."

"அது சரி. நாலும் ரப்பர்தானே?"

"உனக்கு ரயில்வே தெரியாது."

அவளுக்கு ரயில்வே தெரியாது, உண்மைதான். அதோடு பேச்சு முடிந்தது.

பங்குப் பத்திரங்களை மாதா கோயிலுக்கு எடுத்துப்போய்ச் சாமியாரிடம் மந்திரித்து ஆசீர்வதிக்கச் சொன்னார். சாமியார் ஆடு மாட்டை மந்திரித்திருக்கிறார், புது வீட்டை மந்திரித்திருக்கிறார், காகிதத்தை மந்திரித்ததில்லை. இருந்தாலும் தீர்த்தம் தெளித்தார். காப்பார் பத்திரத்தில் மட்டும் மசி கலங்கி, இருதயத்தின் பேர் பாதி அழிந்துபோயிற்று.

வருஷத்துக்கு இரண்டு தடவை டிவிடெண்டு வரத் தொடங்கியது. கவர் வந்த அன்று வீட்டில் கோழி. மிச்சத்துக்கு மறுபடியும் பங்கு, அதே நாலு லைனில். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோட்டு மாட்டி, குடையை எடுத்துக்கொண்டு, தம் தோட்டத்தைப் பார்க்கக் காப்பாருக்கே போய்விட்டார். மாரியாயி என்ற பால்மரத் தொழிலாளி மரம் சீவிக்கொண்டிருந்தாள்.

"யாரு அண்ணே? தொரை பங்களா அந்தப் பக்கம்."

"நான் இந்தத் தோட்டத்துக்குப் பங்குதாரர்."

"அப்படின்னா?"

"இந்த மரத்துல கொஞ்சம் என்னோடதும்மா."

மாரியாயி உளியை நிறுத்திவிட்டு மரத்தை மேலும் கீழும் பார்த்தாள். "எந்தக் கொஞ்சம் அண்ணே? பட்டையா, எலையா?"

"மொத்தத்துல."

"அப்பக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க தோட்டத்து அட்டை உங்க கால்ல ஏறுது."

பங்குதாரர் என்று அட்டை தயவு பார்க்கவில்லை. தன் டிவிடெண்டை எடுத்துக்கொண்டுதான் இறங்கியது.

இருபத்தொன்பதாம் வருஷம் தொடக்கத்தில் இருதயம் வேலையை விடப்போவதாகச் சொன்னார். இன்னும் பதினாலே மாசம் இருந்தால் சாகும்வரை பென்ஷன். அந்தப் பதினாலு மாசத்தை ஜெபமாலை மணிபோல் உருட்டிக்கொண்டிருந்த உர்சுலா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"பதினாலு மாசம்தாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடுங்க."

"டிவிடெண்டு வாங்கற மனுஷன் காலையில சங்கு ஊதினா எழுந்து ஓடணுமா?"

"பென்ஷனும் வரட்டும், அதுவும் வரட்டும். அகல விரிக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க?"

"பென்ஷன் கிராணிக்கு. நான் இனிமே முதலாளி."

ராஜினாமாக் கடிதம் போயிற்று. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகுமே, அதுவும் போயிற்று. கிள்ளானில் ஒரு பலகை வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். முதலாளி முதலில் வாங்கியது சாய்வு நாற்காலி. மேப்பைக் கழற்றி வந்து அதற்கு எதிரே ஒட்டிக்கொண்டார். அந்த ஒரு வருஷம் அவர் உட்கார்ந்த கதையை நாற்காலிதான் சொல்லவேண்டும்.

அடுத்த வருஷம் ரப்பர் விலை விழுந்தது. விழுந்து எழுந்திருக்கவில்லை. முதலில் சுங்கை பூலோ கம்பெனியிலிருந்து கடிதம்: இந்த வருஷம் டிவிடெண்டு இல்லை. மறு வாரம் காஜாங். அதற்கு மறு வாரம் பத்துமலையும் காப்பாரும் சேர்ந்தே வந்தன. நாலு லைனிலும் தண்டவாளம் கெட்டியாகத்தான் இருந்தது, கண்ணுகளா. வண்டியும் நேரத்துக்கு ஓடியது. ஏற்றியனுப்பிய சரக்குக்குத்தான் விலை இல்லை. பங்கை விற்கலாம் என்று போனால் தரகர் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

உர்சுலாவின் பதினாலாவது மணி உருண்டதும் அந்த மாசம்தான்.

அவள் கிள்ளான் ஸ்டேஷனுக்கு வெளியே அடுப்பை வைத்து அப்பம் சுட ஆரம்பித்தாள். இருதயம் வெட்கப்பட்டு வேலை தேடினார். பங்குதாரர் என்பதைச் சொல்லாமல் காப்பார் தோட்டத்தில் பால் நிறுக்கும் கிராணியாகச் சேர்ந்தார். மாரியாயி வாளியோடு வரிசையில் நின்றாள். அவரை உற்றுப் பார்த்தாள்.

"வாங்க முதலாளி. உங்க பாலை நீங்களே நிறுக்க வந்துட்டீங்களா?"

"சத்தம் போடாதம்மா."

"சரியா நிறுங்க அண்ணே. அதுல கொஞ்சம் என்னோடதும் இருக்கு."

நாலு மாசம் ஓடியது. ஒரு சனிக்கிழமை அவர் பேருக்கு இரண்டு கடிதம் சேர்ந்து வந்தன. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே கையெழுத்து. அப்ப மாவு கரைத்துக்கொண்டிருந்த உர்சுலாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர்தான் தமிழில் சொன்னார்.

"இது பங்குதாரருக்கு வந்தது. 'உங்கள் நலன் கருதி வீண் செலவைக் குறைக்கிறோம். தோட்டத்துக் கிராணிகளில் இரண்டு பேரை இம்மாதத்தோடு நிறுத்துகிறோம். இதை நீங்கள் வரவேற்பீர்கள் என்று நம்புகிறோம்.'"

"அடுத்தது?"

"அடுத்தது கிராணிக்கு."

உர்சுலா கையைக் கழுவினாள். "அந்த ரெண்டு பேர் யாருங்க?"

"ஒருத்தன் நான்."

"நிறுத்தினது யாரு?"

இருதயம் முதல் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தார்.

"அதுவும் கொஞ்சம் நான்தான்."

அவள் சிரிக்கவில்லை. நானாயிருந்தால் சிரித்திருப்பேன். தேங்காயையும் துருவியையும் அவர் பக்கம் தள்ளிவைத்தாள். "துருவுங்க. நாளைக்கு விடியக்காலம் நாலு மணிக்குக் கிளம்பணும்."

ஆறு மணிச் சங்குக்கு எழ மாட்டேன் என்ற மனுஷன் அன்றிலிருந்து நாலு மணிக்கு எழுந்தார். அப்பத்தோடு அவித்த கடலையும் இஞ்சித் தண்ணீரும் வைக்கலாம் என்று உர்சுலா சொன்னபோது, உடனே தலையாட்டினார். மேப்பைக் கிழித்து அவரே கடலைக்குப் பொட்டலம் மடித்தார்.

எழுந்திருங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டுக்கு வரும் காசு வெவ்வேறு வாசல் வழியாக வரட்டும், கண்ணுகளா. ஒரு வாசல் அடைத்த அன்றைக்கும் உலையில் அரிசி இருக்கட்டும். "நாலும் ரப்பர்தானே" என்று கேட்கிற ஒருத்தி உங்கள் ஒவ்வொரு வீட்டிலும் நீண்ட ஆயுசோடு இருக்கட்டும். அவள் கேட்டால் காது கொடுக்கிற புத்தியையும் ஆண்டவர் அந்த வீட்டுக்குக் கொடுக்கட்டும்.