தனபால் ஜீப்பில் ஏறலாமா?

1

ஏற்காட்டில், தலைச்சோலைக்குப் போகும் ஜீப்பில் ஏறப்போனேன். பக்கத்தில் நின்ற பெண்மணி கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். “தனபால் வண்டி வேண்டாமுங்க.” ஏன் என்றேன். “ஊரே சொல்லுதுங்க.” இந்தக் கதை அங்கே பிறந்தது. நான் ஏறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2

பனி மூடிய தலைச்சோலையில் பவித்ரா வந்து இறங்கியபோது—

வேண்டாம். மலைக்கதை என்றாலே பனியா?

மறுபடி. பவித்ரா சேலத்திலிருந்து வந்த ஆய்வு மாணவி. தலைச்சோலையில் களத்தில் காயப்போட்ட மிளகு காணாமல் போயிருந்தது. திருடனைப் பிடிக்க அவள் வரவில்லை; அக்கம்பக்கத்தார் மேல் சந்தேகம் எப்படி வருகிறது என்று ஆராய வந்தாள். [நல்ல பெண்தான். இருந்தாலும் எனக்கு அவள் மேல் முழு நம்பிக்கை இல்லை.]

3

முதலில் மாரியம்மாள் வீடு.

“யார் மேலயாச்சும் சந்தேகம் இருக்குங்களா அக்கா?”

“யாரைக் கண்ணு சொல்றது? எல்லாம் நம்ம சனந்தான்.”

“விடியறதுக்கு முன்னாடி களத்துப் பக்கம் யாரு போவாங்க?”

“தனபால் தம்பிதான். மொத வண்டி எடுக்கோணுமில்ல.”

அவ்வளவுதான். அடுத்த வீட்டில் யாரும் வாய் திறக்காததால் பவித்ரா கேள்வியைச் சுலபமாக்கினாள்: “பக்கத்து ஊட்டுல தனபால் பேரைச் சொன்னாங்க. நீங்க என்ன நினைக்கறீங்க?”

“அப்படிங்களா?” என்றார்கள். அதற்கடுத்த வீட்டில், “நொம்ப நாளாவே எங்களுக்கு ஒரு நெருடல்தானுங்க” என்றார்கள். கடைசி வீட்டில் அவள் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

4

[குறிப்பு. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.]

பொருள்விளக்கவாதம் என்று ஓர் ஆய்வு நோக்கு: அர்த்தம் மக்களிடம் இருக்கிறது, ஆய்வாளர் நெருங்கிப் போய்ப் புரிந்துகொள்ள வேண்டும். கட்டுமானவாதம் என்று இன்னொன்று: கேட்பவரும் சொல்பவரும் பேசப் பேசச் சேர்ந்தே அர்த்தத்தை உண்டாக்குகிறார்கள். பவித்ரா முதலாவதை எடுத்துக்கொண்டாள். அதில் ஒரு வசதி, ஊரின் சந்தேகம் ஊருடையதாகவே இருக்கும். இரண்டாவதை எடுத்தால் பாதி அவளுடையது.

5

தனபால் அவளைத் தேடி வந்தார். முன்பெல்லாம் ஊரே தன் மூட்டைகளை அவர் வண்டியில் ஏற்றிவிட்டு, கூட ஆள் அனுப்பாமல் வீட்டிலிருக்கும். இப்போது ஒரு மூட்டையும் ஏறுவதில்லை.

“ஊருக்குள்ள வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் எடுக்கலைன்னு. வண்டியை வித்துட்டு எங்கீங்க போவேன்?”

“நீங்க எடுக்கலைன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?”

வாய் தவறித்தான் வந்தது. தனபால் அவளையே பார்த்தார்.

“அப்ப நீங்களுமா?”

பவித்ராவுக்கு வெட்கமாக இருந்தது. தான் வீடு வீடாகக் கொண்டுபோன பேர், தன்னிடமே வந்து சேர்ந்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

6

ஒரு முடிவு: பவித்ரா ஊரைக் கூட்டி, “அந்தப் பேரைப் பரப்பினது நான்தான்” என்கிறாள். ஊர் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறது. பிறகு, “பாவம், அந்தப் புள்ளையையும் மிரட்டிட்டான்” என்கிறது.

இன்னொரு முடிவு: மிளகை எடுத்தது உண்மையில்—

மாட்டேன். நான் யார் பேரை எழுதினாலும் நீங்கள் நம்பிவிடுவீர்கள்.

திரும்பிப் படித்துப் பாருங்கள். தனபால் மிளகைத் தொட்டதாக ஒரு வரிகூட நான் எழுதவில்லை. ஆனாலும் உங்களுக்கு ஒரு நெருடல் இருக்கிறது, இல்லையா?

ஏற்காட்டில் ஜீப் நிற்கிறது. தனபால் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஆள் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். முன்சீட்டு காலி. நீங்கள் ஏறினால்தான் வண்டி கிளம்பும்.