கைராசிக்காரி

கைராசி என்ற சொல்லைக் கண்டுபிடித்த ஆள் மட்டும் என்னிடம் சிக்கினால், அவரை எங்கள் வீட்டுப் பின்பக்கம் நான்கு வருடம் குடிவைப்பேன். கோழி எச்சத்தை வழித்துக்கொண்டே அவர் அந்தச் சொல்லின் பெருமையைப் பேசட்டும்.

நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், என் மாமியார் வளர்த்த குஞ்சுகள் ஒரே நாளில் சோர்ந்துபோயின. மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இறக்கையைத் தொங்கப்போட்டு, உடம்பெல்லாம் சிலிர்த்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் நின்றன. அதுவரை கோழியை நான் தட்டில்தான் பார்த்திருந்தேன். ஆனால் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆறு வருடம் லென்ஸ் வெட்டிப் பொருத்தியவள். சின்னப் பொருளில் ஏதாவது கோணலாக இருந்தால் என் கண் தானாக அங்கே போய் நிற்கும். ஒரு குஞ்சைத் தூக்கித் திருப்பிப் பார்த்தேன். வாலுக்கு அடியில் எச்சம் காய்ந்து கெட்டியாக ஒட்டி வழியே அடைத்துக்கிடந்தது. வெளியே போக வேண்டியது போகாவிட்டால் மனுஷனே சுருண்டு விழுவான், குஞ்சு என்ன செய்யும்? வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, ஊறவைத்து, பிய்க்காமல் துடைத்தெடுத்தேன். ஈரம் போகத் துவட்டினேன். பெட்டியில் நசநசவென்று கிடந்த உமியை வாரிக் கொட்டிவிட்டுப் புது உமி போட்டு, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டேன். ஒன்றே ஒன்று போக, மூன்றாம் நாள் மற்றவை ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஓடின.

அத்தை தெரு முழுக்கச் சொன்னார். "என் மருமக கை பட்டுச்சு பாரு, செத்த குஞ்சு எந்திரிச்சு நடக்குது. அவ கைராசிக்காரி!"

அன்றோடு நான் தொலைந்தேன். திட்டுகிற மாமியாராக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லலாம். இவர் வாய் நிறையப் புகழ்கிறார். புகழ்கிறவரிடம் எந்த வாயை வைத்துக்கொண்டு சண்டை போடுவது? நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட நான் வெளியே தங்கியதில்லை. என் தம்பி கல்யாணத்துக்குப் போய், சாப்பிட்ட கை காய்வதற்குள் பஸ் ஏறினேன். "நீ இல்லேன்னா அதுங்க மூஞ்சியே வாடிப்போகுதும்மா" என்பார் அத்தை. கோழியின் மூஞ்சி வாடுவதை இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் பார்த்திருக்கிறார்.

போன வாரம் பழைய கடை முதலாளி போன் செய்தார். புது லென்ஸ் மெஷின் வாங்குகிறாராம். அதை ஓட்ட வெளியூரில் பத்து நாள் பயிற்சி. கற்றுக்கொண்டு வந்தால் மெஷின் என் பொறுப்பு.

"திங்கக்கிழமை கிளம்பணும். வர்றீங்களா, இல்ல வேற ஆளைப் பாக்கட்டுமா?"

"வர்றேன் சார்" என்றேன். வீட்டில் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த வார்த்தை என் வாயில் வந்திருக்காது. போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் சமையலறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

விஷயத்தைப் புதன்கிழமை அத்தையிடம் சொன்னேன். வியாழக்கிழமை அவர் பத்தொன்பது குஞ்சு வாங்கினார். முட்டையிலிருந்து வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. "குஞ்சு வண்டிக்காரன் வாசல்ல வந்து நின்னுட்டான், நான் என்ன பண்றது?" என்றார். எங்கள் தெருவில் அந்த வண்டி திரும்பவே முடியாது. கடைசி வீட்டுக்காரர் செங்கல் இறக்கியதிலிருந்து சைக்கிளையே தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கிறது.

சரி, விடுவதாக இல்லை. என் வீட்டுக்காரரைப் பிடித்தேன். அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். முப்பது பிள்ளைகளை அழ அழ ஏற்றிச் சிரிக்கச் சிரிக்க இறக்குகிற மனுஷனுக்குப் பத்தொன்பது குஞ்சு எம்மாத்திரம்? சனிக்கிழமை மத்தியானம் பெட்டி முன்னால் உட்காரவைத்தேன்.

"முதல்ல கையை வைக்காதீங்க. சும்மா பாருங்க. எல்லாம் பல்புக்கு அடியில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கத்துச்சுன்னா குளிருதுன்னு அர்த்தம். பல்பை ரெண்டு விரக்கடை இறக்குங்க. ஓரத்துக்கு ஓடி வாயைப் பொளந்துக்கிட்டு நின்னா சூடு ஜாஸ்தி, ஏத்துங்க. எல்லாம் தின்னும்போது ஒண்ணு மட்டும் தனியா நின்னு தூங்குதுன்னா, அதுதான் சீக்கு. அதை வேற பெட்டிக்கு மாத்திடணும்."

"என் வேன்லயும் அப்படித்தான். கத்தறவன் பிரச்சினையே இல்ல. பேசாம உக்காந்திருக்கறவன்தான் வாந்தி எடுப்பான்."

எனக்கு அவர் மேல் பெரிய நம்பிக்கை வந்துவிட்டது. அத்தை கதவோரம் நின்று, "பூண்டு நசுக்கித் தண்ணியில போடச் சொல்லு" என்றார். போடட்டும். பூண்டு போட்டாலும் போடாவிட்டாலும் ஈரமும் குளிரும்தான் குஞ்சை வாரிக்கொண்டு போகும். உமி காய்ந்திருக்க வேண்டும், தண்ணீர்த் தட்டில் எச்சம் விழக்கூடாது, சோர்ந்ததற்கு வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் வீட்டு வைத்தியத்தை மூட்டை கட்டிவிட்டு மாட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். பின்பக்கம் அடைத்த ஒரு குஞ்சை எடுத்துத் துடைத்தும் காட்டினேன்.

"எழுதிக் குடு. நாளைக்கே மறந்துடுவேன்" என்றார் வீட்டுக்காரர்.

எழுதிக் கொடுத்தேன். ஒரு முழுப் பக்கம். அவர் அதை வேன் லைசென்ஸ் மாதிரி சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். அவரே பின்பக்கம் போய் உமி மாற்றினார், விசிலடித்துக்கொண்டே. அந்த விசிலைக் கேட்கக் கேட்க எனக்கு உடம்பு லேசானது. பையின் ஜிப்பை இழுத்து மூடுகிற நேரத்தில் விசில் நின்றது.

உள்ளங்கையில் ஒரு குஞ்சோடு வந்து நின்றார். விரலிடுக்கில் ரத்தம்.

"ஒட்டிக்கிட்டிருந்ததை எடுத்தேன். நீ எழுதின மாதிரியே ஊறவச்சுத்தான் எடுத்தேன்."

வாங்கித் திருப்பினேன். வாலுக்கு அடியில் பளிச்சென்று சுத்தமாக இருந்தது. அங்கே எதுவும் ஒட்டியே இருக்கவில்லை. அரை விரல் தள்ளி, வயிற்றுப் பக்கம் ரத்தம் கசிந்தது. அவர் எடுத்தது எச்சத்தை இல்லை, தொப்புள் பொருக்கை. மஞ்சள் கரு வயிற்றுக்குள் போய் மூடிய இடம் அது. பிறந்த சில நாள் வரைக்கும் அங்கே கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கும், தானாகக் காய்ந்து விழும். பார்ப்பதற்குக் காய்ந்த எச்சம் மாதிரியே இருக்கும். அதைப் பிய்த்தால் வயிறே திறந்துகொள்ளும்.

"இது ஒண்ணுதானா?"

"இன்னும் ரெண்டு."

இரண்டையும் தனிப் பெட்டியில் போட்டுச் சுத்தமான பஞ்சால் அழுத்திப் பிடித்தேன். கூட்டத்தோடு விட்டால் ரத்தத்தைப் பார்த்து மற்றவை கொத்தியே தீர்த்துவிடும். முதல் குஞ்சு என் மடியில் இரண்டு தடவை காலை உதைத்து அடங்கியது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வந்தார்.

"நான் அப்பவே சொன்னேன்ல? இதுக்கெல்லாம் கைராசி வேணும். இவன் கை ஆம்பளைக் கை, ஸ்டீரிங் பிடிக்கிற கை."

அவர் தலை நிமிரவில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தை, முதல் தடவை எல்லாம் பொழைச்சு ஒண்ணு மட்டும் செத்துச்சே. அது சீக்குல சாகல. நான்தான் கொன்னேன். இதே மாதிரி, தொப்புளைப் போய் எச்சம்னு நெனச்சுப் பிச்சுட்டேன். யாருக்கும் தெரியாம செடிக்கடியில புதைச்சுட்டு வந்து, சீக்குன்னு சொல்லிட்டேன். என் கையிலயும் ஒரு ராசியும் இல்ல. தப்புப் பண்ணித்தான் கத்துக்கிட்டேன். அவரும் கத்துக்குவார்."

நான்கு வருடமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது. இனிமேல் என்னை யாரும் பிடித்துவைக்க முடியாது என்று நினைத்தேன்.

அத்தையின் கண் கலங்கியது. என் கன்னத்தைத் தடவினார்.

"பாத்தியாடா? உன் மேல பழி வரக்கூடாதுன்னு இல்லாததைத் தன் தலையில இழுத்துப் போட்டுக்கறா. இப்படி ஒருத்தியை அனுப்பிட்டு நான் பத்து நாள் இருந்துடுவேனா?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே பூண்டு நசுக்க உள்ளே போனார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னாலும் அது எனக்கு மெடலாகத்தான் திரும்பி வருகிறது.

அவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா நம்பல. நான் நம்பறேன்" என்றார். "உனக்குத் தெரிஞ்சிருக்கு. அப்புறம் ஏன் அதை எழுதல?"

"எழுதினா, எப்படித் தெரியும்னு கேப்பீங்க."

"நான் கேட்டிருக்கவே மாட்டேன்."

நிஜம்தான். அவர் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. அந்த வரியை எழுத நான் பேனாவைக் காகிதத்தில் வைத்தேன், வைத்துவிட்டு மூடினேன். அப்போது வெட்கம் என்றுதான் நினைத்துக்கொண்டேன். இப்போது செத்த குஞ்சை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தால், வெட்கம் பாதிதான். இந்த வீட்டில் கட்டில் அத்தையுடையது, வேன் அவருடையது. நான் இத்தனை வருடமாகத் திட்டித் தீர்த்த அந்தக் கைராசிக்காரிப் பேர் ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. அதை முழுசாக இன்னொருவர் சட்டைப் பையில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

"எழுதியிருந்தா நீங்க நல்லாவே பாத்துக்கிட்டிருப்பீங்க" என்றேன்.

அவருக்குப் புரிந்தது. கோபப்பட்டிருக்கலாம், படவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நடந்தது நடந்துபோச்சு. தொப்புள் எது, பின்பக்கம் எதுன்னு இனி எனக்கு ஜென்மத்துக்கும் மறக்காது. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். நாளைக்கு ஆறரைக்கு வேன் எடுக்கறேன், உன்னை பஸ் ஸ்டாண்ட்ல விட்டுட்டுப் போறேன். வர்றியா?"

நான் வாயைத் திறந்தேன். பெட்டிக்குள் குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கத்தத் தொடங்கின. பல்பை இரண்டு விரக்கடை இறக்கினால் போதும். அவருக்கும் தெரியும், அதற்காகவே எழுந்தார். அவர் நிமிர்வதற்குள் என் கை பல்புக் கயிற்றில் இருந்தது.