எட்டடி நிலை

காளிராஜ் உயரமான மனிதர். ராஜபாளையத்தில் அவரும் சிவரஞ்சனியும் மாறி மாறிக் குடியிருந்த வாடகை வீடுகள் எல்லாமே குட்டை வாசல் வைத்தவை. காலை ஷிப்டுக்கு மில்லுக்குக் கிளம்புகிற அவசரத்தில் குனிய மறந்து அடிக்கடி இடித்துக்கொள்வார். சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும். "வாசல் உடைஞ்சா அட்வான்ஸுல கழிச்சிருவாக, பாத்துப் போங்க" என்று உள்ளேயிருந்து சிவரஞ்சனி குரல் கொடுப்பாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சைக்கிள் ஏறுவார். வருஷக்கணக்கில் இடித்து இடித்து, வலது புருவத்துக்கு மேலே தோல் காய்த்தே போயிருந்தது.

தென்காசி ரோட்டுக்கு மேற்கே, மலை தெரிகிற பக்கத்தில் ஒரு மனை வாங்கி, ப்ளானுக்கு அப்ரூவலும் வாங்கி, வங்கியில் கடனும் கிடைத்தபோது, வீட்டைப் பற்றிய எல்லா முடிவையும் அவர் சிவரஞ்சனியிடம் விட்டுவிட்டார். அறை எத்தனை, அடுப்படி எந்த மூலை, தண்ணீர்த் தொட்டி எங்கே, எல்லாம் அவள் சொன்னபடிதான். தலைவாசல் நிலையை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டார். அதற்காக அவளையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மரக்கடைக்குப் போனார். ஆசாரி வழக்கம்போல ஏழடி என்று எழுதப் போனார். காளிராஜ் நிமிர்ந்து நின்று, ஒரு கையைத் தலைக்கு மேல் முழுக்க நீட்டிக் காட்டினார்.

"இம்புட்டு."

ஆசாரி ஸ்டூல் போட்டு ஏறி அளந்தார். எட்டடி வந்தது.

"யானை ஏதும் வளக்கப் போறீகளா?" என்று சிவரஞ்சனி கேட்டாள்.

"யானை எதுக்குட்டி? நான் ஒருத்தன் குனியாம வந்து போகணும்."

வேங்கை மரத்தில் சொல்லி, முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

வீடு பேஸ்மென்ட் வரைக்கும் எழும்பியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுக் கட்டுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த காளிராஜ், குழாயைக் கீழே போட்டுவிட்டு அந்தப் பேஸ்மென்ட் மேலேயே உட்கார்ந்தார். கொத்தனார் பெலிக்ஸ் ஆட்டோ பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினான். பலனில்லை. குழாய் அன்று சாயங்காலம் வரை ஓடிக்கொண்டே இருந்ததாக, மறுநாள் அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

மனை காவு வாங்கிவிட்டது என்ற பேச்சு துக்க வீட்டிலேயே தொடங்கிவிட்டது. அதை வாய்விட்டுச் சொன்னவர் காளிராஜின் அண்ணன் ஐயாதுரை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இரும்புக்கடை வைத்திருக்கிறவர். தம்பியைப் போலவே உயரம், தம்பியைவிடக் கனம். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. தம்பியின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். இப்போது அந்தக் கையெழுத்துதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

காரியம் முடிந்த கையோடு, மனையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வங்கிக் கடனை முடித்துவிடலாம் என்றார். மீதி வருவதை அவள் பேரில் போட்டுவிடலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது, அங்கே வந்து இருந்துகொள்ளலாம். பிள்ளையும் இல்லை, புருஷனும் போய்விட்டான், ஒற்றை மனுஷிக்கு எதற்கு இரண்டு படுக்கையறை என்று கேட்டார். அவர் மனைவி வெள்ளத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

அந்தப் பின்கட்டு அறையை சிவரஞ்சனி பார்த்திருக்கிறாள். அதன் வாசல் காளிராஜின் மார்பு உயரத்தை விடக் கொஞ்சம்தான் அதிகம்.

"வீட்டைக் கட்டத்தான் போறேன் அத்தான்" என்றாள்.

அடுத்த வாரம் வங்கிக்குப் போனாள். சத்திரப்பட்டியில் மருத்துவமனைக் கட்டுத்துணி தயாரிக்கும் பட்டறையில் கணக்கும் சரக்கும் பார்க்கிறவள் அவள். எழுத்து எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற வழக்கம் கிடையாது. கடன் பத்திரத்தில் காளிராஜ் முதன்மை விண்ணப்பதாரர் என்றும், அவள் துணை விண்ணப்பதாரர் என்றும் இருந்தது. கையெழுத்துப் போட்ட அன்று, "பாத்துக்க, கெவர்மென்ட்டே சொல்லிட்டான், நீ துணைதான்" என்று அவர் கேலி செய்திருந்தார். கடனுக்கான ஆயுள் காப்பீட்டை வேண்டாமென்று சொன்னதும் அவர்தான். எனக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

வங்கி அதிகாரி தயவாகத்தான் பேசினார். துணை விண்ணப்பதாரர் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை, விற்றுக் கடனை அடைப்பதற்கும் வழி உண்டு என்றார். மில்லிலிருந்து வந்த பி.எஃப். பணத்தை முதலில் கழித்து, காலத்தை நீட்டி, மாதத் தவணையைத் தன் சம்பளத்துக்குள் அடங்குகிற மாதிரிப் போட்டுத் தரச் சொன்னாள். அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அடங்கியது. ஆனால் வங்கி மொத்தப் பணத்தையும் ஒரேயடியாகத் தராது. பேஸ்மென்ட்டுக்கு ஒரு பகுதி, ஜன்னல் வாசலுக்கு மேலே கான்கிரீட் ஓடுகிற லிண்டல் மட்டம் வந்ததும் ஒரு பகுதி, கூரைக்கு ஒன்று, பூச்சுக்கு ஒன்று. வேலை நின்றால் பணமும் நிற்கும், வாங்கிய பணத்துக்கு வட்டி மட்டும் நிற்காது. அதை நினைவூட்டிவிட்டு, இனி என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார்.

"லிண்டல் மட்டம் வரட்டும் சார். ஆள் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பெலிக்ஸ் சுவரை எழுப்ப ஆரம்பித்தான். ஜன்னல் மட்டம் வரை வந்ததும் நிலை வைக்கிற பேச்சு வந்தது. இங்கேதான் ஐயாதுரை மறுபடியும் வந்து நின்றார். துக்கம் நடந்த குடும்பம், வருஷம் திரும்பாமல் நல்ல காரியம் ஆகாது என்றார். வட்டியைச் சொன்னாள். அப்படியென்றால் நாள் பார்த்துத் தானும் வெள்ளத்தாயும் தம்பதியாக வந்து வைத்துக் கொடுப்பதாகவும், அவள் அன்றைக்கு எதிரே வராமல் இருந்தால் போதும் என்றும் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய விட்டுக்கொடுத்தல். அவள் பதில் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார்.

மீதிப் பணத்தைக் கொடுத்து மரத்தை எடுத்துவரலாம் என்று அந்த வாரமே சிவரஞ்சனி பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். மரக்கடையில் நிலைக்கால்கள் இரண்டும் தரையில் பலகை மேல் கிடந்தன. இழைப்பு முடிந்து வேங்கையின் மஞ்சள் நிறம் பளபளவென்று இருந்தது. மேல்சட்டம் இன்னும் பூட்டப்படவில்லை. ஒவ்வொரு காலிலும் ஏழடியில் சிவப்புப் பென்சில் கோடு. ஆசாரி ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது என்ன கோடு?"

இரும்புக்கடைப் பெரியவர் வந்து சொல்லிவிட்டுப் போனதாக ஆசாரி சொன்னார். எட்டடி நிலைக்கு மேலே லிண்டலும் ஒரு அடி ஏறும், கம்பி, சிமென்ட், கதவு மரம் எல்லாம் கூடும், இனிமேல் அது வீண் என்று சொன்னாராம். ஜன்னல்களோடு ஒரே மட்டமாக லிண்டல் ஓடினால் வேலையும் சுளுவு. அறுத்த துண்டுகள் வீணாகாது, பூஜை அறைக்குச் சட்டம் போடலாம்.

சிவரஞ்சனி கைப்பையைத் தோளிலிருந்து கழற்றினாள். நிலைக்கால் இரண்டையும் சேர்த்து, சிவப்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்தாள்.

ஆசாரி ரம்பத்தைக் கீழே வைத்தார். நிலைமரத்தில் லட்சுமி இருக்கிறாள் என்று கால் படாமல், தாண்டாமல் வேலை செய்கிறவர் அவர்.

"எந்திரிம்மா. நிலைக்கால் மேல உக்காரக் கூடாது."

"அறுக்கலாமா?"

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஐயாதுரை கடையிலிருந்து வியர்வையோடு வந்து சேர்ந்தார். மரக்கடை வாசலும் தாழ்ந்ததுதான். பழகிய மனிதர், குனிந்து நுழைந்தார். தம்பி பொண்டாட்டி இருந்த இடத்தைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனால் சத்தம் போடவில்லை. பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏத்தா ரஞ்சனி, நான் உன் காசு மிச்சமாகட்டும்னுதான் சொன்னேன். அவன் உசரத்துக்கு அவன் சொன்னான். அவன் இல்லையே இப்ப. இனிமே யாருக்கு அந்த எட்டடி?"

"எனக்கு."

"நீ அஞ்சடி இருப்பியா?"

"இருக்க மாட்டேன். மேல உள்ள மூணடியும் எனக்கு வேணும் அத்தான். பாங்குக்குக் கட்டப் போறது நான். எம்புட்டு கூடுதோ அம்புட்டும் நானே கட்டுதேன்."

"ஊரு சிரிக்கும்."

"அவிய சொன்னப்ப நான்தான் மொதல்ல சிரிச்சேன். ஊரு ரெண்டாவதா சிரிக்கட்டும்."

ஐயாதுரை எழுந்தார். குரல் தணிந்துதான் இருந்தது.

"நாள் நட்சத்திரம் வேண்டாம், தம்பதி வேண்டாம், வருஷம் வேண்டாம். எல்லாம் உன் இஷ்டம். நீயே வச்சுக்கோ. அந்த வாசலை நான் மிதிக்க மாட்டேன்."

"சரி அத்தான்" என்றாள். அவர் கிளம்பிப் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. ஆசாரி மேல்சட்டத்தைக் கொண்டுவந்து, அளவு பார்க்க அவள் எழுந்தே ஆகவேண்டும் என்று சொன்னபோதுதான் எழுந்தாள். சிவப்புக் கோட்டை இழைத்து எடுத்துவிடவா என்று கேட்டார். இருக்கட்டும் என்றாள்.

நிலை ஒரு குட்டியானை வண்டியில் வந்தது. கால்கள் பின்பக்கம் நீண்டு, முனையில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. ஆசாரி கூட வரவில்லை. இறக்கும்போது டிரைவர் அண்ணாந்து பார்த்து, "யானைக்கா வாசல் வைக்கீக?" என்று கேட்டான். சிவரஞ்சனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் பெண்கள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அடக்கவில்லை. கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

பெலிக்ஸ், அவன் தம்பி, டிரைவர், மூன்று பேரும் தூக்கினார்கள். கலவை போட்டுக்கொண்டிருந்த சித்தாள் ஹெப்சிபா கையைக் கழுவிக்கொண்டு வந்து, நிலைக்கு மஞ்சள் யார் பூசப் போகிறார்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். இந்துக்கள் வீட்டு நிலைக்கு ஐந்து சுமங்கலிகள் வந்து நிற்பதைப் பார்த்துப் பழகியவள். இங்கே யாருமே வரவில்லை.

சிவரஞ்சனி பட்டறை டிபன் பாத்திரத்தில் மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்திருந்தாள். இரண்டு கால்களிலும் கை எட்டுகிற வரைக்கும் தானே பூசினாள். அதற்கு மேல் எட்டவில்லை. பெலிக்ஸ் சாரத்திலிருந்து இறங்கப் போனான். வேண்டாமென்று சொல்லி, ஹெப்சிபாவைச் சிமென்ட் மூட்டை அடுக்கைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அதன் மேல் ஏறி, நுனிவரை பூசிவிட்டு இறங்கினாள். கைகளில் மஞ்சள் அப்படியே இருந்தது. கழுவவில்லை.

"நல்ல நேரம் பாத்தாச்சாக்கா?" என்றான் பெலிக்ஸ்.

"நீ சொல்லு."

அவன் ரசமட்டத்தை நிலைக்கால் மேல் வைத்துக் கண்ணைச் சுருக்கினான். உள்ளே குமிழ் அங்குமிங்கும் ஓடி, நடுவில் வந்து நின்றது. "எனக்கு இது சொன்னாப் போதும். வந்துட்டு" என்றான்.

நிலை நின்ற பிறகு சுவர் வேகமாக ஏறியது. ஜன்னல்களுக்கு மேலே ஏழடியில் ஓடிய லிண்டல், தலைவாசலுக்கு வரும்போது படி ஏறினாற்போல ஒரு அடி மேலே போய், மறுபக்கம் இறங்கியது. தெருவில் போகிறவர்கள் ஏதோ தப்புக் கணக்கு என்று நினைத்து நின்று பார்த்தார்கள். சிலர் பெலிக்ஸிடம் கேட்கவும் செய்தார்கள். அவன் மேலே கைகாட்டி, "வீட்டுக்காரர் உசரம்" என்பான்.

லிண்டல் மட்டத்தைப் பார்க்க வங்கியிலிருந்து தாமோதர் என்று ஒரு இளம் என்ஜினீயர் வந்தார். முதன்மை விண்ணப்பதாரர் இறந்துவிட்டதால், கடன் தொடர்வதற்கு ஜாமீன்தாரர் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். அதனால் ஐயாதுரையையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் போடாவிட்டால் அடுத்த பகுதிப் பணம் வராது. வேலை அங்கேயே நின்றுவிடும். சிவரஞ்சனிக்கு அது தெரியும். முந்தின நாள் அவருக்கு ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். செய்யவில்லை.

ஐயாதுரை வந்தார். மோட்டார் சைக்கிளைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, மணல் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். அவள் வாங்க என்றாள். தலையை மட்டும் அசைத்தார். என்ஜினீயர் உள்ளே போய் அறை அறையாகப் பார்த்து, தலைவாசலுக்கு வந்தார். ப்ளானைப் பார்த்தார், மேலே பார்த்தார். அளவு நாடாவை நீட்டிப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. பெலிக்ஸ் சென்ட்ரிங் பலகை எடுக்கப் போயிருந்தான். சிவரஞ்சனிக்கு எட்டாது.

"சார், உயரமா இருக்கீங்க. உள்பக்கம் வந்து இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்களேன்" என்று என்ஜினீயர் தெருவைப் பார்த்துக் கூப்பிட்டார்.

ஐயாதுரை அசையவில்லை. என்ஜினீயர் காரணம் தெரியாமல் மறுபடியும் கூப்பிட்டார். சிவரஞ்சனி நிலைக்கு ஓரமாக ஒதுங்கி நின்றாள். ஐயாதுரை செருப்பைக் கழற்றினார். மணலைச் சுற்றிக்கொண்டு வந்தார். தலைவாசலுக்கு வந்ததும், இத்தனை வருஷப் பழக்கத்தில், கழுத்தை மடக்கித் தோளைக் குறுக்கிக் குனிந்துகொண்டே நுழைந்தார்.

"குனியாதீங்க அத்தான்" என்றாள் சிவரஞ்சனி. "இங்க இடிக்காது."

அவர் பாதி நுழைந்த நிலையில் நின்றார். மெதுவாக நிமிர்ந்தார். தலைக்கு மேலே சிவப்புப் பென்சில் கோடு இருந்தது. அதற்கும் மேலே ஒரு அடி மரம் இருந்தது. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தபடி இருந்தார். பிறகு நாடாவின் முனையை வாங்கி, கையை முழுக்க உயர்த்தி, மேல்சட்டத்தில் ஒட்டிப் பிடித்தார். மரக்கடையில் காளிராஜ் நின்ற அதே நிற்பு.

கீழே உட்கார்ந்திருந்த என்ஜினீயர் ப்ளானில் ஏழு என்று இருக்கிறதே என்று சந்தேகமாகக் கேட்டார்.

சிவரஞ்சனி வாயைத் திறந்தாள். அதற்குள் மேலேயிருந்து குரல் வந்தது.

"எட்டு. எட்டடின்னே எழுதிக்கோங்க."

ஜாமீன் தாளில் ஐயாதுரை நிலைக்காலின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். திரும்பிப் போகும்போது கழுத்து மறுபடி மடங்கப் பார்த்தது. நிறுத்திக்கொண்டு, நிமிர்ந்தபடியே வெளியே போனார்.